குழாய்க்காரம்மாவின் சுருதி

போன வாரம் எங்களைப் பாலத்துக்கு நட்டநடுவுல, நின்னுபோன பஸ்ஸோட விட்டுட்டுப் போனீங்க இல்லையா? பயப்படாதீங்க, பஸ் கிளம்பிடுச்சு. டிரைவர் அண்ணன் எறங்கி நாலு வார்த்தை நல்லா திட்டினார், உடனே உறுமிக்கிட்டு எழுந்துக்கிச்சு. திட்டு வாங்கினாத்தான் வேலை நடக்கும்ங்கறதுல எங்க குடும்பத்துக்கும் அந்த பஸ்ஸுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

புதுசா வந்து சேர்ந்தவங்களுக்காக ஒரு தடவை சொல்லிடறேன். பாடறது என் அக்கா. கிடாரும் அவதான். ஜனங்க அவளுக்கு வச்சிருக்கற பேரு வெண்கலம். ராக் பாட்டுக்காரிக்கு அப்படி ஒரு பேரான்னு கேக்காதீங்க, அவ வாயைத் திறக்கறப்ப ஒரு தடவை பக்கத்துல நின்னு பாருங்க, அப்புறம் தெரியும். அவ புருஷன், அதாவது என் அத்தான், சவுண்ட் என்ஜினியர். மேடைக்கு நேர் எதிர்ல, கூட்டத்துக்கு நடுவுல, பொத்தானா முளைச்சுக் கிடக்கற மிக்சிங் போர்டு முன்னாடி நிப்பார். மேடையில எந்தக் கம்பி கொஞ்சம் எறங்கினாலும் கண்ணை மூடிக்கிட்டு சொல்லிடுவார். அதனால குழுவுல அவர் பேரு 'காது'. நான் தங்கச்சி. டிரம்ஸ் வாசிக்கறேன். அடிக்கறது என் தொழில், வீட்லயும் வெளியிலயும்.

'கைச்சத்தம்'னு ஒரு புது ஆல்பம் போட்டிருக்கோம். அதைத் தூக்கிக்கிட்டுத்தான் நாடு நாடா சுத்தறோம். கையால உழைக்கறவங்களைப் பத்தின பாட்டு எல்லாமே. அதனால அக்கா ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கா. போற ஊர்ல எல்லாம், கடைசிப் பாட்டுக்கு, அந்த ஊர்த் தொழிலாளிங்க கொஞ்சம் பேர் மேடை ஏறி, அவங்க தொழில் சாமானையே வாத்தியமா வச்சு எங்களோட சேர்ந்து வாசிக்கணும். முதல் ஊர்ல தையல்காரங்க வந்து மெஷினை மிதிச்சு ஓட்டினாங்க. அடுத்த ஊர்ல தச்சுப் பட்டறை, சுத்தியலும் இழைப்புளியுமா. போன ஊர்ல ஒரு சலூனே எழுந்து வந்து கத்திரிக்கோலால தாளம் போட்டுச்சு. முடிஞ்ச கையோட எங்க கீபோர்டுக்காரர் தலையையும் ஒட்ட வெட்டிட்டாங்க. மனுஷன் அன்னிலேர்ந்து தொப்பியும் கையுமா திரியறார்.

எல்லா ஊர்லயும் கூட்டம். அந்தக் கடைசிப் பாட்டுக்குத்தான் முக்காவாசி வருது. அது முடியற எடத்துல அக்கா ஒரு உச்சத்துக்குப் போய் நிப்பா பாருங்க, கேக்கறவங்களுக்கு மூச்சு நின்னுடும். போன வாரம் ஒரு பத்திரிகையில எழுதியிருந்தாங்க, 'ஐம்பதைத் தொடப்போகும் இந்தப் பெண்ணின் குரலுக்கு மட்டும் இன்னும் இருபத்தைந்து வயது' அப்படின்னு. அக்கா அதை பஸ்ஸுக்கே சத்தமா வாசிச்சுக் காட்டினா. "கேட்டீங்களா?"ன்னு அத்தானையும் ஒரு இடி இடிச்சா. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். பஸ்ல தலை சுத்துது போலன்னு நான் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

என்னையும் பாராட்டாம இல்ல. ஆல்பத்து மூணாவது பாட்டுல என் டிரம்ஸ் தனியா ஒரு ஓட்டம் ஓடும். "அந்த வேகம் மனுஷக் கைக்கு வருமா?"ன்னு ஒரு ரசிகர் என் கையைப் பிடிச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேடையிலதான் அந்த வேகம் ஏனோ ஒரு இழை குறையுது. பயணம், தூக்கமில்ல, கண்ட எடத்துச் சாப்பாடு. அதான் காரணம்னு வச்சிருந்தேன்.

சரி, இன்னிக்குக் கதைக்கு வருவோம்.

இந்த ஊர்ல எங்களுக்குக் கொடுத்த அரங்கம் ஒரு பழைய ரயில் பட்டறை. தரையில இன்னமும் தண்டவாளம் பதிஞ்சு கிடக்கு. மத்தியானம் நாங்க கேபிள் இழுத்துக்கிட்டிருக்கும்போது பின்பக்கக் கதவு வழியா ஒரு வேன் வந்து நின்னுச்சு. அதுலேர்ந்து ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு அம்மா குதிச்சாங்க. வயசு அக்காவை விடக் கொஞ்சம் கூடவே இருக்கும். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். பின்னாடியே அவங்க கம்பெனி ஆட்கள் எறங்கி இரும்புச் சட்டத்தையும் செப்புக் குழாய்களையும் எறக்கினாங்க.

பிளம்பிங் கம்பெனி முதலாளியம்மா. வந்ததும் எங்களைப் பார்த்து மூச்சு விடாம என்னமோ பேசினாங்க. எங்க குழுவுல அந்த ஊர் பாஷை தெரிஞ்ச ஒரே ஆள் டிரைவர் அண்ணன்தான்.

"என்னண்ணே சொல்றாங்க?"ன்னு அக்கா கேட்டா.

"இவங்க போட்ட குழாய் இல்லாம இந்த ஊர்ல ஒருத்தன் பல் தேய்க்க முடியாதாம்."

"அவ்வளவு நேரம் பேசினாங்களே?"

"மீதியெல்லாம் மத்த குழாய்க் கம்பெனிகளைப் பத்தி. அது நமக்கெதுக்கு?"

சட்டத்தை நிமிர்த்தி, குழாய்களை நீளத்திலேர்ந்து குட்டை வரைக்கும் தோல்வாரால தொங்க விட்டாங்க. கல்யாணத்துல குடும்பத்தை உயர வாரியா நிக்க வச்சு போட்டோ எடுப்பாங்களே, அப்படி இருந்துச்சு. அந்தம்மா ஒரு மரச்சுத்தியை எடுத்து ஒவ்வொண்ணா தட்டினாங்க. என்ன நாதம்ங்கறீங்க! எங்க கடைசிப் பாட்டோட மெட்டு அப்படியே, ஒரு வளைவு விடாம வந்துச்சு. மூணு மாசமா வேலை முடிஞ்சதும் கடையை மூடிட்டு, ஆல்பத்தை ஓட விட்டு, தட்டித் தட்டிப் பார்த்து, துளித் துளியா வெட்டி, அரத்தால ராவி எடுத்திருக்காங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அக்கா ஓடிப்போய் அந்தம்மா கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அந்தம்மா கூச்சப்படற ஆளெல்லாம் இல்ல. இன்னொரு கையையும் நீட்டினாங்க.

"வாங்க, சேர்ந்து ஒரு தடவை பார்த்துடலாம்"னு அக்கா கிடாரை மாட்டிக்கிட்டா.

நான் குச்சியைத் தட்டி ஆரம்பிச்சேன். கீபோர்டு, கிடார் எல்லாம் வந்துச்சு. குழாய் முறை வந்ததும் அந்தம்மா சுத்தியைத் தூக்கினாங்க.

ஐயோ! பல்லெல்லாம் கூசிப்போச்சு. நாங்க ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். ஒண்ணுக்கொண்ணு ரொம்ப தூரமா இருந்தாக்கூட பரவாயில்ல. இது அரையும் இல்லாம முழுசும் இல்லாம, சுருதி ஒரு துளி ஏறி நிக்குது. செருப்புக்குள்ள கல்லு மாதிரி.

நிறுத்திட்டோம். கீபோர்டுக்காரர் தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சார். அந்தம்மா முகம் செத்துப்போச்சு. வந்து எறங்கறப்ப இருந்த அந்த மிதப்பெல்லாம் எங்க போச்சோ. தன் ஆட்களைப் பார்த்து என்னமோ கத்தினாங்க, அவங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

"யார் தப்பா வெட்டினதுன்னு கேக்கறாங்க"ன்னார் டிரைவர் அண்ணன். "சுருக்கமா சொன்னேன். நடுவுல கெட்ட வார்த்தை நெறைய."

அப்புறம் அந்தம்மா ஒரு காரியம் பண்ணாங்க. போனை எடுத்து, ஆல்பத்துல அந்தப் பாட்டை ஓட விட்டு, கூடவே குழாயைத் தட்டினாங்க. பாட்டும் குழாயும் பாலும் தண்ணியுமா கலந்து போச்சு. துளி பிசிறு இல்ல.

அக்கா அசையாம நின்னா. அவகிட்ட ஒரு வழக்கம் உண்டு. பாடி முடிச்ச ஆல்பத்தை அவ திரும்பக் கேக்கவே மாட்டா. "பெத்தாச்சு, அது இனி ஊரோட பிள்ளை"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுவா. அதனால அந்தப் பாட்டை அவ இன்னிக்குத்தான் முதல் தடவையா வெளியிலேர்ந்து கேக்கறா.

"இன்னொரு தடவை போடச் சொல்லுங்க"ன்னா.

போட்டாங்க. அக்கா தன் கிடார் கம்பியை ஒரு தடவை மீட்டிப் பார்த்தா. மறுபடியும் அந்தப் பாட்டைக் கேட்டா. குழாயைப் பார்க்கல, அந்தம்மாவையும் பார்க்கல. தலையை நிமிர்த்தி, காலி அரங்கத்தைத் தாண்டி, எதிர்ல மிக்சிங் போர்டு பக்கம் பார்த்தா. அத்தான் குனிஞ்சு தன் ஷூவைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

எனக்கு அப்பத்தான் அந்த எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்துச்சு.

அக்கா அந்தம்மா பக்கம் திரும்பினா. முகத்துல ஒரு சுருக்கம் இல்ல. "அண்ணே, அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க மேல தப்பே இல்ல. ஒரு குழாய்கூடத் தப்பா வெட்டல. நாங்கதான் சுருதி மாறி வந்து நிக்கறோம். நாங்க சரி பண்ணிக்கறோம். எல்லாருக்கும் டீ கொடுக்கச் சொல்லுங்க."

என் அக்காவை எனக்குப் பிடிக்கும்ங்கறது ஊருக்கே தெரியும். ஆனா அந்த நிமிஷம் பிடிச்ச மாதிரி எப்பவும் பிடிச்சதில்ல. நெஞ்சுல எரியறதை அப்படியே வச்சுக்கிட்டு, எதிர்ல நிக்கறவங்க தலை குனியாமப் பார்த்துக்கறது எல்லாருக்கும் வராது.

மேக்கப் ரூமுக்குள்ள மூணு பேரும் போனோம். கண்ணாடியைச் சுத்தி பல்பு, அதுல பாதி எரியல. நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"நீ எங்க போறே?"ன்னா அக்கா.

"நீங்க பேசிக்கங்க, நான் டீ..."

"இரு. எனக்கு ஒரு சாட்சி வேணும்."

உக்காந்துட்டேன்.

அக்கா அத்தானை எப்பவும் 'நீங்க'ன்னுதான் கூப்பிடுவா. 'நீ'ன்னு வந்தா ஒண்ணு கொஞ்சல், இல்லன்னா கொலை. அன்னிக்கு 'நீ' வந்துச்சு.

"சொல்லு. அந்தப் பாட்டை என்ன பண்ணே?"

"ஒரு துளி வேகம் ஏத்தினேன்."

"அதனால?"

"வேகம் ஏத்தினா சுருதியும் கூடவே ஏறும். குரல் கொஞ்சம்..." அத்தான் எரியாத ஒரு பல்பைத் திருகிப் பார்த்தார். "கொஞ்சம் இளசா ஆகும்."

அந்த ரூம்ல ஒரு பல்பு உய்ங்குன்னு சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் அதையே பார்த்துக்கிட்டிருந்தேன்.

"அப்ப பத்திரிகையில எழுதினது என் குரலை இல்ல. நீ செஞ்சு வச்ச பொண்ணை."

"அப்படி இல்லம்மா. பாடினது நீதான். ரெக்கார்டிங் அன்னிக்கு நீ அதைக் காலையிலேர்ந்து பாடினே. கடைசியா பாடினதுதான் உயிரா இருந்துச்சு. ஆனா அதுல ஒரு களைப்பு கேட்டுச்சு. எனக்கு மட்டும் கேட்டுச்சு. அதை ஊர் கேக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

"ஊர் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும்! எனக்கு என்ன பிள்ளையா பிறக்கப்போகுது, இல்ல பொண்ணு பார்க்க வர்றாங்களா? நீ கேட்டே. கேட்டுட்டு எங்கிட்ட சொல்லல. இத்தனை மாசம் கூடவே படுத்து எழுந்துக்கிட்டு சொல்லல. அதுதான் வலிக்குது."

சொல்லப்போனா அத்தான் கெட்டவரே கிடையாது. அக்காவுக்கு இருமல் வந்தா இவர் கஷாயம் குடிக்கற ரகம். ஆனா அவ்வளவு பாசத்தையும் வச்சுக்கிட்டு இப்படி ஒரு வேலை பண்ணியிருக்காரேன்னு எனக்கும் ஆத்திரமா வந்துச்சு.

"இப்ப என்ன பண்றது?"ன்னு நான் கேட்டேன். "குழாய்ச் சுருதியை எறக்கச் சொல்லலாமா?"

"வெட்டின குழாயை எப்படி நீட்டுவாங்க? சின்னதாக்கலாம், பெருசாக்க முடியாதுல்ல"ன்னா அக்கா.

அத்தான் மெல்லமா, "ஒண்ணு பண்ணலாம். அவங்க வாசிக்கட்டும். நான் குழாய் மைக்கை மட்டும் மூடிடறேன். கூட்டத்துக்குக் கேக்காது"ன்னார்.

அக்கா எழுந்து நின்னா. "மூணு மாசம் ராத்திரி ராத்திரியா ராவினவங்க. அவங்களை மேடையில நிக்க வச்சு, கையை மட்டும் காட்டிட்டு, சத்தத்தை மூடிடறதா? நம்ம ஆல்பத்துக்கு என்ன பேர் வச்சிருக்கோம்? வெளியில ஒட்டியிருக்கு, போய்ப் படிச்சுட்டு வா."

வழி ஒண்ணுதான். குழாய் எறங்காது, நாங்கதான் ஏறணும். கிடாரை முறுக்கிக்கலாம், கீபோர்டுல ஒரு பொத்தானைத் திருகினா போதும், எனக்கு சுருதியே கிடையாது. பாக்கி இருக்கறது தொண்டை. அவ தினமும் பாடற சுருதியிலேயே அந்த உச்சத்தை எட்டிப் பிடிக்கறதுக்குள்ள கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுடும். பின்னாடி உக்காந்து பார்க்கற எனக்குத் தெரியும். இப்ப அதுக்கும் மேல. அத்தான் கம்ப்யூட்டர்ல செஞ்ச அந்த இருபத்தஞ்சு வயசுக்காரி எங்க நிக்கறாளோ, அங்க இவ நிஜமா ஏறி நிக்கணும். நாலாயிரம் பேர் முன்னாடி.

"ஆல்பத்துக் குரல் தனியா என்கிட்ட இருக்கு"ன்னார் அத்தான், தரையைப் பார்த்துக்கிட்டே. "அந்த ஒரு எடத்துல மட்டும் அடியில லேசா ஓட விட்டா..."

"கை வைக்காதே." அக்கா சத்தம் போடல. அதான் பயமா இருந்துச்சு. "இன்னிக்கு அந்தப் பாட்டுல என் குரல் மேல நீ கையே வைக்கக் கூடாது. ஏத்தாதே, எறக்காதே, மெழுகு பூசாதே. ரெண்டு கையும் எங்க இருக்குன்னு எனக்கு மேடையிலேர்ந்து தெரியணும்."

"எங்க வச்சுக்கட்டும்?"

"தலையில வச்சுக்க."

சாயங்காலம் வரைக்கும் அக்கா குழாய்க்காரம்மாவோடயே இருந்தா. அந்தம்மா பெரிய குழாயைத் தட்ட, இவ கம்பியை முறுக்க, ரெண்டு பேரும் தலையைச் சாய்ச்சுக் கேக்க. பாஷையே தேவைப்படல. கீபோர்டுக்காரர் என் பக்கத்துல வந்து குசுகுசுத்தார்.

"எனக்கு ஆல்பம் கேட்டு வாசிச்சுப் பழகறப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"காதுகிட்ட போய் உன் காது சரியில்லன்னு எவன் சொல்வான்?"

அதுவும் நியாயம்தான்.

அரங்கத்துக்குப் பின்னாடி சாமான் அடுக்கற ஒரு நீளமான வழி. அங்க அக்கா தனியா அந்த உச்சத்தைப் பாடிப் பார்க்கறது கேட்டுச்சு. ஒரு தடவை உடைஞ்சுது. இன்னொரு தடவை பாதியில காத்துதான் வந்துச்சு. எட்டிப் பார்த்தேன். சுவத்துல சாஞ்சு, தொண்டையைக் கையால பிடிச்சுக்கிட்டு நின்னா. பயந்த முகம். மேடையில அவளைப் பார்க்கற யாரும் நம்ப மாட்டாங்க.

"என்ன?"ன்னா என்னைப் பார்த்து.

"ஒண்ணுமில்ல. வேணும்னா அந்தம்மாகிட்ட எடுத்துச் சொல்லி..."

"சொல்லி? நீங்க ராவினது வீண், எனக்கு முடியலன்னா?" அவ முகம் மாறிடுச்சு. "பாரு, அந்த எடத்துல தாளத்தை இழுத்து, என்னைக் காப்பாத்தலாம்னு மட்டும் நினைக்காதே. குச்சியைப் பிடுங்கி உடைச்சுடுவேன்."

நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். எப்படித்தான் கண்டுபிடிக்கறாளோ.

கச்சேரி ஆரம்பிச்சுது. சொல்லி மாளாது. நாங்க போட்டு வச்சிருந்த பயமெல்லாம் எங்க வயித்துக்குள்ளதான், வெளியில அக்கா நெருப்பு. வேத்து பாஷைக்காரங்க, ஒரு வார்த்தை புரியாதவங்க, அவ கையைத் தூக்கினா தூக்கறாங்க, அடக்கினா அடங்கறாங்க. நடுவுல ஒரு தடவை கிடார் கம்பி அறுந்துச்சு. மிச்சக் கம்பியிலேயே முழுப் பாட்டையும் ஓட்டிட்டா. கூடப் பிறந்தவளா இல்லாம டிக்கெட் வாங்கினவளா அந்தக் கூட்டத்துல நிக்கணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு.

கடைசிப் பாட்டு. வெளிச்சம் குழாய்கள் மேல விழுந்துச்சு. ஊர்க்காரங்களுக்கு அந்தம்மாவை அடையாளம் தெரிஞ்சு ஒரே கூச்சல். வீட்டுக்கு வீடு வந்து அடைப்பு எடுத்தவங்க ஆச்சே! அந்தம்மா சுத்தியைத் தூக்கினாங்க. இந்தத் தடவை சுருதி ஒட்டுச்சு. செப்பும் கிடாரும் சேர்ந்து அந்தப் பட்டறைக் கூரையே பாடற மாதிரி ஆச்சு.

அக்கா முதல் வரியை எடுத்தா. ரெண்டாவது வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படி ஏறுது. நான் அவ கழுத்தையே பார்த்துக்கிட்டு வாசிச்சேன். நரம்பு எழும்ப ஆரம்பிச்சுடுச்சு.

அப்பத்தான் எதிர்ல பார்த்தேன். கூட்டத்துக்கு நடுவுல, மிக்சிங் போர்டு விளக்கு வெளிச்சத்துல, அத்தான் ரெண்டு கையையும் தூக்கித் தலைமேல வச்சுக்கிட்டு நிக்கறார். வீட்ல திருடு போன ஆள் மாதிரி. சொன்ன வாக்கைக் காப்பாத்தறாராம்!

அவர் பக்கத்துல நின்ன பசங்களுக்கு என்ன தெரியும்? பாட்டுக்காரியோட ஆளே செய்யறார், இந்தப் பாட்டுக்கு இப்படித்தான் போலன்னு அவங்களும் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டாங்க. அவங்களைப் பார்த்து அடுத்த வரிசை. அதைப் பார்த்து அதுக்கடுத்தது. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள நாலாயிரம் பேரும் தலையில கை வச்சுக்கிட்டு, முகத்துல பரவசத்தோட ஆடறாங்க.

உச்சத்துக்கு ஒரு வரி இருக்கறப்ப அக்கா இதைப் பார்த்துட்டா. பாட்டுக்கு நடுவுல அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கிச்சு. அடக்க முடியல. மைக்ல கேட்டுச்சு. சிரிச்சாளா, அந்தச் சிரிப்புல தோள் எறங்குச்சு, கழுத்து தளர்ந்துச்சு, அவ்வளவு நேரம் இறுக்கிப் பிடிச்சிருந்த என்னமோ கழண்டுச்சு. அதே மூச்சுல அவ மேல போனா.

முதல்ல ஒரு கீறல் விழுந்துச்சு. என் உயிரு போச்சு. அந்தக் கீறலை விட்டுட்டு எறங்கல அவ. அதுமேலயே காலை ஊன்றி நின்னா. குரல் திறந்துச்சு. நான் சத்தியமா சொல்றேன், அது இருபத்தஞ்சு வயசுக் குரல் இல்ல. பிள்ளை பெத்து, ஊர் ஊரா அலைஞ்சு, திட்டு வாங்கி, திட்டித் தீர்த்து, பாடிப் பாடித் தேஞ்சு வந்த குரல். எங்க அக்கா குரல். அதுக்குக் கீழ அந்தம்மா கடைசிக் குழாயை ஓங்கித் தட்டினாங்க. எனக்குக் கண்ணு மறைச்சுடுச்சு. தாளத்தைக் கைதான் பார்த்துக்கிச்சு.

முடிஞ்சதும் கூரை பிச்சுக்கிச்சு.

எல்லாம் ஓஞ்சு, பின்பக்கம் குழாய்களை வேன்ல ஏத்திக்கிட்டிருந்தாங்க. அந்தம்மா இருக்கறதுலயே குட்டிக் குழாயை எடுத்து அக்கா கையில கொடுத்துட்டு என்னமோ சொன்னாங்க. டிரைவர் அண்ணன் வழக்கமா சுருக்கறவர், இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையா சொன்னார்.

"ரெக்கார்டுல பாடற பொண்ணு நல்லாத்தான் பாடறாளாம். ஆனா அவ இவங்க வீட்டுக்கு வந்தா டீ கொடுத்து அனுப்பிடுவாங்களாம். இன்னிக்குப் பாடின அம்மா வந்தா, கதவைச் சாத்திட்டு ராத்திரி பூரா பேசிக்கிட்டிருப்பாங்களாம்."

அக்கா அந்தம்மாவைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் விடல.

வேன் போனதும் அத்தான் வந்து நின்னார். கேபிளைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு.

"களைப்புன்னு நினைச்சேன்"ன்னார். "இன்னிக்குக் கை வைக்காம முழுசா கேட்டேன். அது களைப்பு இல்லம்மா. கனம். எனக்குத்தான் வித்தியாசம் தெரியல."

"பேரு காது. இவ்வளவு லேட்டாத்தான் கேக்குது"ன்னா அக்கா. கோபம் முழுசா போகல. ஆனா அவர் தோள்லேர்ந்து பாதி கேபிளை எடுத்துத் தன் தோள்ல போட்டுக்கிட்டா. அப்புறம் ஒரு சாமான் பெட்டி மேல உக்காந்து கையை நீட்டினா. "ஹெட்போனைக் கொடு. ஆல்பத்தைப் போடு. முதல் பாட்டுலேர்ந்து."

"நீதான் கேக்க மாட்டியே."

"இனிமே கேப்பேன். எது நான், எது நீன்னு எனக்குத் தெரியணும்."

அத்தான் போட்டார். அக்கா கண்ணை மூடிக்கிட்டா. முதல் பாட்டு முடிஞ்சுது. தலையை ஆட்டினா, சரின்னு. ரெண்டாவது முடிஞ்சுது, அதுக்கும் சரின்னா. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. ஒரு பாட்டோட போச்சு, பெரிய கண்டம் தாண்டிட்டோம்னு, நான் ஒரு மூலையில உக்காந்து வாழைப்பழம் உரிச்சேன். அத்தானைப் பார்த்து, "இனிமே ஒழுங்கா இருங்க"ன்னு பெரிய மனுஷி மாதிரி ஒரு புத்திமதியும் சொன்னேன்.

மூணாவது பாட்டுல அக்கா கண்ணைத் திறந்தா. அத்தானைப் பார்க்கல. என்னைப் பார்த்தா. ஹெட்போனைக் கழட்டி, மெதுவா நடந்து வந்து, என் காதுல மாட்டிவிட்டா.

என் டிரம்ஸ் ஓட்டம் ஓடிக்கிட்டிருந்துச்சு. மனுஷக் கைக்கு வருமான்னு ஊரே கேட்ட அந்த வேகம்.

"நல்லா கேளு"ன்னா அக்கா. "இது நீதானா?"

நான் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தேன். அவர் ரெண்டு கையும் ஏற்கனவே தலைமேல இருந்துச்சு.